பாலாற்றின் குரோமியமும் பட்டா இல்லாதவர்களும்

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு வேலூர் என்பது ஒரு வழக்கின் பெயர். 'வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்', 1996 ஆகஸ்ட் 28. சுற்றுச்சூழலைக் கெடுத்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்திய நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. தேர்வுக்குத் தவறாமல் வரும் கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டைப் பகுதிகளில் வாழ்கிறவர்களுக்கு அது கிணறு, நிலம், கூலி, உடம்பு.

அந்தத் தீர்ப்பைச் சூழலியல் வரலாறாகப் படிப்பவர்கள் உண்டு. தொழில் வரலாறாகப் படிப்பவர்களும் உண்டு. சாதியின் வரலாறாகப் படிப்பவர்கள் மிகக் குறைவு. நாம் இங்கே அப்படிப் படிக்கப் பார்க்கிறோம். நம் கேள்விகள் மூன்று. தோலைத் தொட்டவர்கள் யார்? தோல் கழுவிய நீர் யாருடைய வயிற்றுக்குப் போனது? இழப்பீடு என்று வந்தபோது யார் கணக்கில் இருந்தார்கள், யார் இல்லை?

தீட்டாக இருந்த தோல், பணமாக ஆன கதை

செத்த மாட்டைத் தூக்குவது, தோலை உரிப்பது, பதப்படுத்துவது, செருப்பும் கமலைச் சாலும் பறையும் செய்து கொடுப்பது ஆகிய எல்லாமே சாதியின் பெயரால் சில மக்கள்மீது சுமத்தப்பட்ட வேலைகள். அருந்ததியர், பறையர், ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதிகளில் மாதிகர் ஆகியோர் இந்தச் சுமையைத் தாங்கினார்கள். செருப்புத் தைத்துக் கொடுத்தவர் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாது. கழற்றிக் கையிலோ கக்கத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும். தோலில் செய்த சாலில் இறைத்த தண்ணீர் வயலுக்கு ஆகும். அதைச் செய்தவர் ஊர்க்கிணற்றை நெருங்கக் கூடாது.

இந்தத் தோல் 19ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்குரிய சரக்காக மாறியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத் தோலுக்கு லண்டன் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. 1856ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை, பாலாற்றுப் படுகையைச் சென்னைத் துறைமுகத்தோடு இணைத்தது. ஆறு தண்ணீர் கொடுத்தது. சுற்றியிருந்த மலைக்காடுகளும் புதர்க்காடுகளும் பட்டை கொடுத்தன. சேரி ஆள் கொடுத்தது.

சாதி இந்துக்களில் பெரும்பாலோர் தீட்டென்று ஒதுங்கி நின்ற இந்தத் தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் துணிந்து முதல் போட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் டேனரிகள் வளர்ந்தது அப்படித்தான். இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊர்களில் ஏழை முஸ்லிம் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இதே ஆற்றோரத்தில் வாழ்கிறார்கள், இதே நிலத்தடி நீரை நம்புகிறார்கள். பாலாற்றுப் பிரச்சினையை மதப் பிரச்சினையாகத் திருப்பப் பார்ப்பவர்களுக்கு ஆற்றின்மீது அக்கறை கிடையாது.

சேரி மக்கள் டேனரிக்குள் போனதற்குக் காரணம் வெறும் வறுமை மட்டும் இல்லை. பண்ணையாரின் வயலில் படியாளாக நிற்பதைவிட டேனரியில் வாரக் கூலி வாங்குவது மேல் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தவறானது இல்லை. இதே வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கோலார் தங்கவயலுக்குப் போனதும் இதே காரணத்துக்காகத்தான். சுரங்கத்தில் தூசி நுரையீரலை அரித்தது. டேனரியில் சுண்ணாம்பு காலை அரித்தது. ஆனால் இரண்டு இடத்திலும் கையில் காசு வந்தது. காசு வந்ததால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். சங்கம் வந்தது, அம்பேத்கர் மன்றம் வந்தது, குடியரசுக் கட்சியின் கொடி ஏறியது. தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்தது பேத்தமங்கலம் ஏரி. அதுவும் பாலாற்றின்மேல் கட்டப்பட்டதுதான். இந்த ஆற்றின் கரைகளில் நம் மக்களின் விடுதலையும் நோயும் ஒன்றாகவே நடந்து வந்திருக்கின்றன.

ஆவாரம்பட்டை போய் குரோமியம் வந்தது

பட்டையில் தோல் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் ஒருசில நாட்களில் வேலை முடிந்துவிடும். தோலும் மென்மையாக, சூடு தாங்குவதாக, எந்தச் சாயமும் ஏறுவதாக அமையும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாண அரசின் அதிகாரி ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் குரோமியப் பதனிடலை இங்கே சோதித்துப் பார்த்தார். பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் லெதர் ஆலையின் பெயரே இன்று குரோம்பேட்டை. இருந்தாலும் பாலாற்றுப் பகுதியில் நீண்ட காலம் பட்டைப் பதனிடல்தான் பெரும்பான்மை.

அதை மாற்றியது டெல்லியின் கொள்கை. 1972ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதும் முடித்த தோலையும் தோல் பொருட்களையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அது அரசுக் கொள்கையானது. அந்நியச் செலாவணி பெருக வேண்டும், உள்நாட்டில் வேலை பெருக வேண்டும் என்பது நோக்கம். இரண்டும் நடந்தன. கூடவே மூன்றாவது ஒன்றும் நடந்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் ஆறுகளைச் சுத்தம் செய்ய ஆலைகளுக்குக் கட்டுப்பாடுகளைக் கூட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், தோல் தொழிலின் அழுக்கான பகுதி நம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது.

அழுக்கு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. இளைஞர்கள் இதன் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உப்புப் போடுகிறார்கள். டேனரியில் முதலில் அந்த உப்பைக் கழுவி விடுகிறார்கள். பிறகு சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு மயிரை நீக்குகிறார்கள். சதையை வழிக்கிறார்கள். அமிலத்தில் ஊறவைத்து, பெரிய மர டிரம்மில் குரோமிய சல்பேட்டோடு சுழற்றுகிறார்கள். பழைய முறையில், போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி தண்ணீரோடு வெளியே வரும். ஒரு கிலோ தோலுக்குக் கிட்டத்தட்ட 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று 1996 தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது.

டிரம்மில் போடுவது மூவிணைதிறன் குரோமியம். அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆனால் சில சூழல்களில் அது அறுவிணைதிறன் குரோமியமாக மாற முடியும். அந்த வடிவம் தண்ணீரில் எளிதில் கரைந்து பரவும், புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுப்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆலை சுத்திகரித்து வெளியே விடும் நீருக்கான வரம்போ 2 மில்லிகிராம். முன்னதைப் போல 40 மடங்கு. ஆலையின் வாய்க்காலும் சேரியின் கைப்பம்பும் தூரத்தில் இருக்கும்வரை இந்த இரண்டு எண்களும் முட்டிக்கொள்ளாது. நம் ஊர்களில் அவை எப்போதும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

தண்ணீருக்கான போராட்டமும் தண்ணீர் கெட்ட நேரமும்

1924ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் புரட்சியாளர் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். செத்த மாட்டிறைச்சியையும் அது சார்ந்த இழிதொழிலையும் கைவிடுங்கள் என்று அவர் மக்களை அழைத்ததும் அதே மாநாட்டில்தான். தண்ணீரும் தோலும் நம் அரசியலில் அன்றைக்கே ஒரே மேடையில் பேசப்பட்டவை.

சட்டத்தில் கிடைத்த உரிமை தெருவுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. சேரிக்குத் தனிக் கிணறு, காலனிக்குத் தனித் தொட்டி என்று அரசு கொடுத்ததும் பிரித்துத்தான் கொடுத்தது. ஒருவழியாகக் கிணறு என்று ஒன்று கைக்கு வந்த காலமும், டேனரிக் கழிவு நிலத்தடியில் இறங்கிய காலமும் பாலாற்றுப் பகுதியில் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. தீட்டு என்று சொல்லித் தடுத்த தண்ணீர், திறந்துவிடப்பட்டபோது உப்பாகவும் மஞ்சளாகவும் இருந்தது.

தண்ணீர் கெட்டால் வசதியானவர்கள் வேறு தண்ணீர் வாங்குவார்கள். கேன் வாங்குவார்கள், ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்துவார்கள், வடிகட்டும் இயந்திரம் மாட்டுவார்கள். குடிப்பதற்கு ஒரு குடம் எப்படியோ கொண்டுவந்துவிடலாம். குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட, குழந்தையைக் கழுவ எங்கே போவது? அந்த உழைப்பு முழுவதும் பெண்களின் தலையில் ஏறியது. எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் அந்தக் குடங்கள் எண்ணப்படவில்லை.

உலோகம் மக்காது: ஆற்றிலிருந்து மீனுக்கு

குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவை மற்றக் கழிவைப் போன்றவை கிடையாது. சாணம் மக்கும், தழை மக்கும், சாக்கடையும் ஓடும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். உலோகம் மக்காது. இடம் மாறும், வடிவம் மாறும், அழியாது.

டேனரி நீரில் வரும் குரோமியத்தில் பெரும்பகுதி களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. ஆற்றுமணலிலும் வாய்க்காலிலும் ஏரிப் படுகையிலும் அப்படியே கிடக்கிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு. வெள்ளம் வரும் ஆண்டில் அடியில் கிடந்த வண்டல் கிளம்பி நகரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது போன்ற பெருவெள்ளம் வண்டலைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போகும். மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது பாலாற்றுக் கரையின் பழைய குற்றச்சாட்டு. ஆற்றில் வெண்ணுரை மிதக்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் நடந்து, பாலாறு கடலில் சேரும் இடம் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு வேதியியல் நடக்கிறது. நன்னீரில் மிதந்து வரும் நுண்துகள்கள் உப்புநீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் இறங்குகின்றன. துகளோடு ஒட்டி வந்த உலோகமும் அங்கேயே இறங்குகிறது. அதனால்தான் உலகம் முழுவதும் கனஉலோகத்தைத் தேடுகிறவர்கள் முகத்துவாரச் சேற்றை முதலில் தோண்டிப் பார்க்கிறார்கள்.

அந்தச் சேறுதான் உயிர்களின் தொட்டிலும். இறால் குஞ்சு வளர்வதும், நண்டு பதுங்குவதும், மட்டி வாழ்வதும் அங்கேதான். மட்டியும் சிப்பியும் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. மடவை அடிச்சேற்றை மேய்ந்து வாழும் மீன். கெளுத்தியும் அடியில் துழாவும். இவற்றின் செவுளிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் உலோகம் சதையைவிட அதிகமாகச் சேர்கிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லா உலோகமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பாதரசம், மெத்தில் பாதரசமாக மாறியதும், சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏற ஏறப் பெருகும். சுறா போன்ற வேட்டை மீன்களில் உச்சத்தில் நிற்கும். குரோமியம் அப்படிப் பெரும்பாலும் மேலே ஏறுவதில்லை. சேற்றிலும், சேற்றைத் தின்னும் உயிரிலும் தங்கிவிடுகிறது. ஆகவே யார் எந்த மீனைத் தின்கிறார்கள் என்பது அறிவியல் கேள்வி மட்டும் கிடையாது. சந்தையில் வஞ்சிரம் வாங்குகிறவர் யார், ஏரி நிறைந்த ஆண்டில் ஜிலேபிக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்துக் குழம்பு வைக்கிறவர் யார், பொடி மீனைத் தலையும் குடலுமாகச் சேர்த்துத் தின்கிறவர் யார் என்று கேட்டால் பதில் நமக்குத் தெரியும். ஆபத்து எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். அளக்கும்போது எந்த மீனை, எந்த உறுப்பை, யாருடைய தட்டிலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் நீதி இருக்கிறது. ஒரு கிலோ மீனின் சதையை மட்டும் வெட்டிச் சோதித்து 'வரம்புக்குள் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் முழு மீனைத் தின்கிறவர் அந்த அறிக்கைக்கு வெளியே போய்விடுகிறார்.

வட சென்னையின் எண்ணூரைப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் முகத்துவாரம். அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் படிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் வந்து சேர்ந்தது. அங்கே சேற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களில் இருளர் மக்கள் இருக்கிறார்கள். படகு இல்லை, வலை இல்லை, சங்கப் பதிவு இல்லை. மீனவர் என்ற பட்டியல் எடுக்கும்போது இவர்களுடைய பெயர் தானாக வருவதில்லை.

ஜப்பானின் மினமாட்டாவிலும் இதுவே நடந்தது. சிஸ்ஸோ நிறுவனம் கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மீனவக் குடும்பங்களுக்குள் போனது. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அரசு நிறுவனத்தின் பங்கை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். இடையில் 12 ஆண்டுகள். தொற்று நோய் என்று பயந்து அக்கம்பக்கத்தார் அந்தக் குடும்பங்களை ஒதுக்கி வைத்தார்கள். அதன் பிறகும் யார் நோயாளி என்று அரசு வகுத்த அளவுகோலுக்குள் வராதவர்கள் பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். நஞ்சு முதலில் உடம்பைத் தாக்குகிறது. அடுத்து வரும் பட்டியல் மறுபடியும் தாக்குகிறது.

பட்டியலில் யார்?

இப்போது மறுபடி வேலூர் வழக்குக்கு வருவோம். வழக்கு 1991ல் தொடங்கியது. தீர்ப்பின் பக்கங்களில் மாவட்டத்தின் பெயர் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'. அந்தக் காலத்தில் அதுதான் அரசு வைத்திருந்த பெயர். ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட டேனரிகள். ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற கணக்கும் தீர்ப்பில் இருக்கிறது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சேதத்தை அளந்து இழப்பீட்டை முடிவு செய்ய ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது.

1996 செப்டம்பரில் சூழல் இழப்பு ஆணையம் அமைந்தது. 2001 மார்ச்சில் அது வேலூர் மாவட்டத்துக்கான முடிவை அறிவித்தது. 29,193 பேருக்கு ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஓர் ஆளுக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. ஒரு தலைமுறையின் மண்ணுக்கும் நீருக்கும் அதுதான் விலை. 2009ல் இன்னும் 1,377 பேர் சேர்க்கப்பட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தொகை மட்டும் இல்லை, அளவுகோலும்தான். இழப்பு என்பது பெரும்பாலும் நிலத்தின் கணக்கில் அளக்கப்பட்டது. எத்தனை ஏக்கர், மண்ணில் எவ்வளவு உப்பு, விளைச்சல் எவ்வளவு குறைந்தது. நிலம் கெட்டதால் உழவர் நட்டப்பட்டது உண்மை. சிறு விவசாயிகளின் துயரத்தை நாம் சிறிதாக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் நாற்று நட்ட பெண்ணுக்கு வேலை போனது. களையெடுத்தவருக்குக் கூலி போனது. கதிர் அறுத்து நெல்லாக வாங்கிவந்தவரின் அடுப்பு அணைந்தது. அவர் பெயரில் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு இழப்பைக் காட்ட ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாதவர் பட்டியலில் இல்லை.

பட்டா ஏன் இல்லை என்பதற்கும் வரலாறு உண்டு. 1891ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற நிலையைப் பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். 1892ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். அதில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்பதற்காகச் செங்கல்பட்டு மண்ணிலேயே 1994ல் இரத்தம் சிந்திப் போராடினோம். பாலாறு கடலைச் சேரும் மாவட்டமும் அதே செங்கல்பட்டுதான். மேலே ஆம்பூரில் தண்ணீர் கெட்டபோது இழப்பீடு கிடைக்காததற்கும், கீழே செங்கல்பட்டில் பஞ்சமி நிலம் பறிபோனதற்கும் வேர் ஒன்று.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இந்த வழக்கின் தொடர்ச்சியில் மறுபடி தீர்ப்புச் சொன்னது. இன்னும் இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் கொடு, முதலில் அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமை என்றது. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகும் 'கொடு' என்று உத்தரவு போட வேண்டியிருக்கிறது என்பதே ஒரு வாக்குமூலம். பழைய பட்டியலில் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. பட்டியலில் சேராதவர்களைப் பற்றி யார் பேசுவது?

2015: இரண்டு தேதிகள்

இராணிப்பேட்டையில் அரசும் பங்குகொண்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம், டேனரிகளுக்குத் தேவையான குரோமிய இரசாயனங்களைத் தயாரித்தது. 1990களில் மூடப்பட்டபோது இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுவிட்டுப் போனது. 2006ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில், செர்னோபிலோடு இராணிப்பேட்டையும் இருந்தது.

2015 ஜனவரி 31 அதிகாலை. இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள்.

அதே ஆண்டு மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. தோலில் படும் எந்தத் தோல் பொருளிலும் அறுவிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல விதி. ஒவ்வாமையிலிருந்து மக்களைக் காக்கிற விதி. பாரிஸில் ஷூ போடுகிறவரின் பாதத்துக்கு வரம்பு வந்துவிட்டது. அந்த ஷூவின் தோலைப் பதனிட்ட இடத்தில் குரோமியக் கசடில் மூச்சுத் திணறிச் செத்தவர்களுக்கு என்ன வரம்பு இருந்தது? இங்கே தொட்டி இறங்க, கசடு அள்ள, இன்றைக்கும் ஆள் தேடும்போது ஒப்பந்தக்காரரின் கண் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர்ச் சேரியில் ஆள் வர மறுத்தால் அடுத்த மாநிலத்தின் ஏழையைக் கொண்டுவருகிறார்கள். வேலை அதேதான், ஆள் மட்டும் மாறுகிறார்.

வேலையா, தண்ணீரா?

'டேனரியை மூடினால் உங்கள் ஆட்களுக்குத்தானே வேலை போகும்?' என்று நம்மைக் கேட்பார்கள். ஆம்பூரில் டேனரியையும் ஷூ கம்பெனியையும் நம்பி வாழும் குடும்பங்களில் தலித் குடும்பங்கள் ஏராளம். காலையில் கம்பெனி வேன் ஏறும் பெண்களைப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் பெண்களைப் பாருங்கள். அவர்களுடைய வேலை போக வேண்டும் என்று நாம் ஒருநாளும் சொல்ல மாட்டோம்.

ஆனால் அந்தக் கேள்வியே தந்திரமானது. தண்ணீரா வேலையா என்று முதலாளியிடம் யாரும் கேட்பதில்லை, தொழிலாளியிடம்தான் கேட்கிறார்கள். குரோமியத்தைக் கழிவிலிருந்து மீட்டு மறுபடி பயன்படுத்தும் தொழில்நுட்பம் இருக்கிறது. 1948ல் சென்னை அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதில் நீண்ட காலமாக வேலை செய்கிறது. கழிவுநீரை வெளியே விடாமல் முழுதும் மறுசுழற்சி செய்யும் முறை டேனரிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. செலவாகும், உண்மை. அந்தச் செலவை ஷூவின் விலையில் ஏற்றாமல் ஆற்றில் இறக்கியதால்தான் இவ்வளவும். அப்படிப் பார்த்தால், இத்தனை ஆண்டுகளாக உலகச் சந்தையில் நம் ஷூ மலிவாக விற்பதற்கான மானியத்தைக் கொடுத்தவர்கள் பாலாற்றுக் கரைச் சேரி மக்கள்தான்.

2016ல் குஜராத்தின் ஊனாவில் மாட்டுத்தோல் உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்கே மக்கள் செத்த மாட்டைத் தூக்க மறுத்தார்கள், கூடவே நிலம் கொடு என்று கேட்டார்கள். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் சரியான கோரிக்கை. இழிவை மறுப்பதும் வாழ்வாதாரத்தைக் கேட்பதும் பிரிக்க முடியாதவை.

நம் வேலை

இந்தப் பகுதி மாணவர்களும் தோழர்களும் இதிலிருந்து தொடங்கலாம்.

ஒன்று, 2001, 2009 இழப்பீட்டுப் பட்டியல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குவோம். ஊர்வாரியாகப் பிரித்து, சேரியில் எத்தனை பெயர், ஊரில் எத்தனை பெயர் என்று எண்ணுவோம். மாவட்டம் 2019ல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூரில் இருக்கின்றன. விண்ணப்பம் போடும்போது மூன்று ஆட்சியர் அலுவலகங்களையும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் 'எங்களிடம் இல்லை' என்று பதில் வரும்.

இரண்டு, நிலமற்ற கூலித் தொழிலாளரின் இழப்பையும், தண்ணீர் சுமந்த பெண்களின் உழைப்பையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கண்காணிப்புக் குழுவிடம் எழுத்தில் வைப்போம்.

மூன்று, ஏரி மீனையும் முகத்துவார மீனையும் சோதிக்க வேண்டும் என்று கேட்போம். சதையோடு ஈரலையும் செவுளையும், பெரிய மீனோடு பொடி மீனையும். பாலாற்றில் ஆம்பூரிலிருந்து வயலூர் வரை ஒரே சோதனையாக. அறிக்கை தமிழில் வெளிவர வேண்டும்.

நான்கு, டேனரியில் உழைத்துக் கைகால் வெந்த நம் தாத்தா பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த ஆண்டு எந்தக் கிணறு கெட்டது, எந்த வயலில் கடைசியாக எப்போது நெல் அறுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். பட்டா இல்லாத மக்களுக்கு அந்த வாய்மொழிதான் ஆவணம். அடுத்த பட்டியல் தயாராகும்போது அதை மேசைமேல் வைத்து நாம் பேச வேண்டும்.

ஜெய்பீம்!